ஊருணிக்கு மேலே ஒரு மாப்பிள்ளை

செவ்வாய் பூமிக்கு அருகில் வருகிறது, வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லாப் பத்திரிகைகளும் போட்டிருந்த அந்தத் தை மாதத்தில், மற்ற ஊர்களுக்கு அது சொன்னபடி வந்து, சொன்னபடி பளபளத்து, சொன்னபடி விலகிப் போனது. கடம்போடைக்கு மட்டும் வந்தது போகவில்லை. முதுகுளத்தூருக்குத் தெற்கே கருவேலங்காட்டுக்கும் மிளகாய்த் தோட்டங்களுக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஊருக்கு அது முதலில் புளியங்கொட்டை அளவில் தெரிந்தது, பிறகு எலுமிச்சம்பழ அளவில் தெரிந்தது, மாசி பிறந்தபோது பெரிய சோற்றுப்பானை அளவுக்கு இறங்கி வந்து, ஊருணிக்கு நேர் மேலே, பனை உச்சியிலிருந்து இன்னும் ஒரு பனை உயரத்தில், எதையோ மறந்து வைத்துவிட்டுப் போனவர் திரும்ப வந்து வாசலில் தயங்குவதுபோல நின்றுகொண்டது. பகலில் அது சுவரில் விழுந்த பழைய கறைபோல மங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் அடுப்பில் ஊதிய கங்குபோலக் கனியத் தொடங்கும்.

தாசில்தார் ஜீப்பில் வந்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார், மேற்படி பொருள் கிராமத்துக்கு மேலே உள்ளதே தவிரக் கிராமத்துக்குள் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அது தெருவிளக்கு மாதிரி விழுந்ததால் அலுத்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஊர் முதலில் பயந்தது, பிறகு கும்பிட்டது, பிறகு அந்த வெளிச்சத்தில் தொலைந்த ஆட்டைத் தேடவும் கட்டில் கயிறு பின்னவும் பழகிக்கொண்டது.

பழக முடியாத ஒரு சங்கதி மட்டும் இருந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு தெரியவில்லை. அந்திக்குப் பிறகு களத்தில் காயும் மிளகாய் வத்தல் முழுக்கச் சோகை பிடித்ததுபோல் வெளிறிக் கிடந்தது. நல்ல வத்தல் எது, வெள்ளை விழுந்த வத்தல் எது என்று பிரிக்கமுடியாமல் பெண்கள் வேலையை நிறுத்தவேண்டியதாயிற்று. கொடிக்கம்பங்களில் சிவப்பு இருந்த கொடியெல்லாம் வெறும் வேட்டித் துணியாகப் பறந்தது. வாத்தியார் சிவப்பு மையில் வட்டம் போட்ட மதிப்பெண் அட்டைகளைப் பிள்ளைகள் பொழுது சாய்ந்தபின் அப்பாமாரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்களின் நெற்றியில் குங்குமம் காணாமல் போனது. கட்டினவள், கட்டாதவள், அறுத்தவள் மூவரும் அந்தியில் ஒரே நெற்றியோடு நடந்தார்கள். ஆண்களுக்கு இது பெரிய வேதனையாக இருந்தது. ஊர்க்கூட்டம் போட்டுப் பேசி, அந்த வெளிச்சத்தில் பச்சைதான் கறுப்பாக எடுத்துக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, சுமங்கலிகள் பச்சைப் பொட்டு வைக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். பகலில் பார்த்தால் நெற்றியில் பட்டாணி ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. இரண்டு வாரத்தில் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள்.

பவுனுத்தாய் அதை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவளுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தபோது எட்டாம் இடத்தில் செவ்வாய் இருந்தது என்று சொன்னார்கள். கட்டினவனைக் கொல்லும் என்று சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்து, சாதகத்தைக் கேட்டு, செருப்பை மாட்டினார்கள். தன்னைப் பார்க்காமலே வேண்டாமென்று சொன்ன ஒருத்தன் தெருவில் வந்து நின்றால் ஒரு பெண் எப்படித் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவாளோ அப்படியே அவள் ஊருணிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது கல்யாணமில்லை, திருப்பூர். மிளகாய்க் களத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வத்தல் பிரிக்கும் செல்லப்பாக்கியத்தின் தங்கச்சி அங்கே பனியன் கம்பெனியில் இருந்தாள். ஒரு அறை இருந்தது, ஒரு பாய் விரிக்க இடமும் இருந்தது. ஆனால் அண்ணன் சேதுராசன் விடவில்லை. மினி லாரியில் மிளகாய் மூட்டை ஏற்றிப் போகும் அவன் கெட்டவன் இல்லை. "கட்டிக் குடுத்துத்தான் அனுப்புவேன். தனியா அனுப்புனா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க" என்பான். யார் கேட்பார்கள் என்று அவள் கேட்டதில்லை. அண்ணன் மகள் சுபிக்சா, நாலாம் வகுப்பு படிப்பவள், "நான் பெரிசானதும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன் அயித்தை" என்பாள்.

பங்குனியில், அது யாருக்காக வந்து நிற்கிறது என்ற கேள்வி பிறந்தது. எப்படிப் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. மேலே ஒன்று நின்றால் கீழே யாருக்காகவாவதுதான் நிற்கும் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சோசியர் ஆவுடையப்பன் வீட்டுக்கு வீடு சாதகங்களை வாங்கிப் பார்த்தார். செவ்வாய் தோசம் இருந்தவர்கள் பலர். ஆனால் சிலரை அதே தோசமுள்ளவருக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று, சிலருக்கு முதலில் வாழை மரத்தோடு தாலிகட்டி, மரத்தை வெட்டி, தோசத்தை அந்த மரத்தோடு கழித்து, பிறகு மாப்பிள்ளைக்குக் கட்டினார்கள். தீராமல் நின்றது பவுனுத்தாய் ஒருத்திதான். சின்னப் பிள்ளைகளின் சாதகங்களை அப்போது யாரும் கேட்கவில்லை.

உறுதி செய்துகொள்வதற்காக அவளை ஒரு அந்தியில் ஊருணிக் கரையிலிருந்து பிள்ளையார் கோவில்வரை நடக்கச் சொன்னார்கள். ஊரே இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. அவள் நடந்தாள், அது அவளோடு நகர்ந்தது. அவள் நின்றாள், அது நின்றது. "பாத்தியா, பாத்தியா" என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் ஒவ்வொருவரும் தனியாக நடக்கும்போது அது தங்களோடும் நகர்ந்து வந்ததைப் பார்த்திருந்தார்கள். டீக்கடை கோட்டைச்சாமி அதற்குப் பயந்து சைக்கிளை விட்டு ஓடியிருக்கிறான். சோசியரே தன் வீட்டுக்கொல்லைவரை அது கூட வந்ததைக் கண்டு அன்று சாப்பிடவில்லை. ஒருவரும் வாய்திறக்கவில்லை. அவள் வீட்டுக்குத் திரும்பியபோது ஊருக்கு மனசு லேசாகியிருந்தது.

சித்திரையில் கோவில் பொட்டலில் கூட்டம் கூடியது.

"வாழைக்கு எதுக்குத் தாலி கட்டுறோம்?" என்றார் சோசியர். "செவ்வாய்க்குப் பதிலா ஒரு ஆளு வேணும்னுதான். ஆளே நேர்ல வந்து நிக்கயில நடுவுல வாழை எதுக்கு? கட்டிவச்சிருவோம். மரியாதையை வாங்கிக்கிட்டுப் போயிருவாரு."

"மாப்பிள்ளைக்குச் சம்மதமான்னு யாரு கேக்குறது?" என்றான் கோட்டைச்சாமி.

"சம்மதம் இல்லாமலா ஒருத்தன் இம்புட்டுத் தூரம் வந்து நிப்பான்?"

"குலம் கோத்திரம் தெரியணுமில்ல, அண்ணே. நாளைக்கு நம்ம பிள்ளைக்கு ஒரு கஷ்டம்னா யாருகிட்டப் போய்ப் பேசுறது?"

"செவ்வாய் யாருன்னு நினைச்ச? பூமாதேவி மகன். படிச்சிருக்கியா?"

"அப்ப மாமியாரு?"

"மிதிச்சுக்கிட்டு நிக்கிறியே, அந்தம்மாதான்."

கோட்டைச்சாமி ஒரு காலைத் தூக்கிக்கொண்டான். பொட்டலே சிரித்தது. பெண்கள் பக்கத்தில் நின்ற பவுனுத்தாயும் சிரித்தாள். மாப்பிள்ளையின் சம்மதம் வரைக்கும் பேசியவர்கள் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கவில்லை என்பது அவளுக்கே வீட்டுக்கு வந்து குழம்பைச் சுடவைக்கும்போதுதான் உறைத்தது.

சேதுராசன் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தான். "ஒரு கயிறுதானே பவுனு. வாழைக்குக் கட்டுற மாதிரி நினைச்சுக்க. அவன் போயிட்டான்னா நீ தோசம் கழிஞ்சவ. அப்புறம் நீ திருப்பூர்தான் போகணும்னாலும் போ. நான் மறிக்கல."

"நெசமாவா?"

"சுபி தலைமேல சத்தியம்."

அவள் சரி என்றது அந்த வார்த்தைக்காகத்தான்.

வைகாசியில் முகூர்த்தம் வைத்தார்கள், ஊருணிக் கரையில், விளக்கு வைக்கும் நேரத்தில். அரக்குச் சிவப்பில் பட்டு எடுத்திருந்தார்கள். வீட்டிலிருந்து புறப்பட்டபோது அது கல்யாணப் பட்டாக இருந்தது. தெரு தாண்டி, பகல் போய், மேலே அது கனியத் தொடங்கியதும் சேலை வெளுத்துக்கொண்டே வந்து, கரையில் போய் அவள் நின்றபோது வெள்ளைச் சேலையாகிவிட்டது. எல்லாரும் பார்த்தார்கள். மதினி குருவம்மாள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாதசுரக்காரர் பார்த்த மாத்திரத்தில் ஒரு மூச்சு வாசிக்கத் தவறி, பிறகு சேர்ந்துகொண்டார்.

கையில்லாத மாப்பிள்ளை எப்படித் தாலி கட்டுவது என்பதை முன்னமே பேசி முடித்திருந்தார்கள். சிங்கப்பூரில் லீவு கிடைக்காத மாப்பிள்ளைகளுக்காக அக்கா தங்கச்சி தாலி கட்டியது அந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. பூமியின் மகனுக்குப் பூமியில் பிறந்த பெண் யாரானாலும் தங்கச்சி முறைதான் என்று சோசியர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். தாலியைத் தட்டில் வைத்து மேலே காட்டி, ஊருணித் தண்ணீரில் மாப்பிள்ளையின் நிழல் விழுந்திருந்த இடத்தில் நனைத்து எடுத்து, "கட்டுறவங்க வாங்கத்தா" என்று கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. அதற்குத் தங்கச்சியாகிவிட்டு நாளை தன் வீட்டில் ஏதாவது ஒன்று நடந்தால் என்று ஒவ்வொருத்தியும் அடுத்தவளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். கெட்டிமேளம் தொடங்கித் தொடங்கி நின்றது. கடைசியில் கூட்டத்திலிருந்து தலையில் முந்தானை போட்ட ஒருத்தி வந்தாள், தாலியை எடுத்தாள், சணல் சாக்கு கட்டுகிறவளைப்போல மூன்று முடிச்சையும் இறுக்கிப் போட்டாள், "நல்லா இரு" என்று காதில் சொன்னாள், போய்விட்டாள். குரலை வைத்துப் பவுனுத்தாய்க்கு மட்டும் தெரிந்தது. எல்லா நெற்றியும் ஒன்றாக இருந்த அந்த வெளிச்சத்தில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் தெரிந்தது. செல்லப்பாக்கியம் பத்து வருசத்துக்கு முன்னால் தாலியறுத்தவள்.

"அறுத்தவ கையால தாலியா? விளங்குமா இது?" என்று களத்துக்கே வந்து கத்தினார்கள்.

"நான் வரும்போது ஒருத்தியும் மறிக்கலையே" என்றாள் செல்லப்பாக்கியம், வத்தலைப் பிரித்துக்கொண்டே. "கூப்பிட்டது நீங்க. வந்தது நான்."

கிரகம் போகவில்லை. இன்னும் அரைப் பனை இறங்கியது. வந்த மாப்பிள்ளை விருந்து சாப்பிடாமல் எப்படிப் போவார் என்று யாரோ சொல்ல, ஊர் கிடா வெட்டி, தலைவாழை இலை போட்டு, செவ்வாய்க்கிழமை தோறும் கரையில் படைத்தது. நாய்கள் தின்றன. அதற்குள் ஊர் அதைக் கிரகம் என்று சொல்வதை விட்டு மாப்பிள்ளை என்று சொல்லத் தொடங்கியிருந்தது. "மாப்பிள்ளை இன்னைக்குக் கொஞ்சம் மங்கலா இருக்காரே" என்பார்கள். அவளைப் பார்த்து, ஏதோ அவள் வைத்த குழம்பு சரியில்லாததுபோல உதட்டைச் சுழிப்பார்கள்.

திருப்பூர்ப் பேச்சை எடுத்தபோது சேதுராசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "போனாப் போன்னு சொன்னேன். அவருதான் போகலையே. புருசன் இங்க இருக்கயில நீ எங்க போவ?"

அன்று அந்தியில் தண்ணீருக்குப் போனவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் பார்க்க அது கங்கும் இல்லை, கண்ணும் இல்லை. காய்ந்த மண். தண்ணீர் எப்போதோ ஓடிய தடம், வெடித்த தரை, புழுதி. கோடையில் ஊர்க் கண்மாய் கிடப்பதுபோலவே கிடந்தது. முப்பத்தாறு வருசமாக இதற்கா என்னைப் பயமுறுத்தினார்கள் என்று நினைத்தாள். பிறகு அது எவ்வளவு நேரமாக ஊருணித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தாள். குடத்தைத் தண்ணீர் சிந்தாமல் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆடிக்கு முதல் நாள் அவள் அண்ணனிடம் சொன்னாள்: "நாளைக்கு ஆடி பிறக்குது. புதுசாக் கட்டுன பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடியில ஒண்ணா இருக்கலாமா?"

சேதுராசன் எழுந்து போனான். சோசியரைக் கூட்டிவந்தான். கூடாதுதான் என்றார் அவர். ஆடியில் பெண் மாமியார் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

"மாமியார் வீடுன்னா பூமி முழுக்கத்தான். எங்கய்யா போவா?" என்றான் சேதுராசன்.

"கண்ணுக்கு மறைவா இருந்தாப் போதும்ப்பா. இருநூறு மைல் போதாதா?" சோசியர் குரலைத் தணித்தார். "அவ போனா, அவரும் பின்னாலேயே போயிருவாரு."

அது ஊருக்குப் பரவ ஒரு மணி நேரம் ஆகவில்லை. மறுநாள் சாயங்கால பஸ்ஸுக்கு அவளை வழியனுப்ப ஊரே திரண்டு வந்தது. அதுவரை அவளோடு பேசாதவர்கள் முறுக்கு கொடுத்தார்கள், ஊறுகாய் கொடுத்தார்கள். பையைக் கோட்டைச்சாமி தூக்கிவந்தான். சோசியர் ஜன்னலுக்குள் கையை விட்டுத் திருநீறு பூசினார். "ரெண்டு பேரும் நல்லபடியாப் போய்ச் சேருங்க" என்றார். பஸ் கிளம்பியதும் எல்லாத் தலையும் மேலே நிமிர்ந்தது.

பின் கண்ணாடி வழியே பவுனுத்தாயும் பார்த்தாள். வளைவு தாண்டியது, கண்மாய்க்கரை தாண்டியது, கருவேலங்காடு தொடங்கியது. அது வரவில்லை. ஊருணிக்கு மேலே நின்ற இடத்திலேயே நின்று, பானையாகி, பழமாகி, புளியங்கொட்டையாகி, மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அவளுக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அதோடு சேர்ந்து, சொல்லவே வெட்கமாக, ஒரு சின்னக் கோபமும் வந்தது. எனக்காக இல்லையென்றால் எதற்காக இத்தனை வருசம் என்று யாரைக் கேட்பது? முந்தின இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு நடந்தார்கள். நடந்த ஒவ்வொருவரோடும் அது கூட நடந்தது. இதுவரை அதைப் பவுனுத்தாய் கணக்கில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள், இன்று போட இடமில்லாமல், பக்கத்தில் நடப்பவரைப் பார்க்காமல் நடந்து, வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்கள்.

திருப்பூரில் அவளுக்குப் பிசிறு வெட்டும் வேலை கொடுத்தார்கள். சிவப்புப் பனியன்கள் அந்தியிலும் சிவப்பாகவே இருந்தன; அவற்றை அவள் அடிக்கடி தொட்டுப் பார்த்தாள். தாலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆடி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது குருவம்மாள் போனிலிருந்து சுபிக்சா பேசினாள்.

"அயித்தை, எனக்குப் பட்டுப் பாவாடை எடுத்திருக்காங்க. சிவப்பு."

"எதுக்குடி? உனக்கு வயசுக்கு வர்ற வயசுகூட ஆகலையே."

"தெரியல. சோசியர் தாத்தா என் சாதகத்தைப் பாத்தாரு. எனக்கும் எட்டாம். அது என்ன அயித்தை எட்டாம்?"

"அம்மா என்ன செய்றா?"

"அழுகுது. நான் பேசுனேன்னு சொல்லாத."

பவுனுத்தாய் கத்தரிக்கோலை வைத்துவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனாள்.

அவள் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, பொட்டலில் கூட்டம் நிறைந்திருந்தது. நடுவில் பாயில் சுபிக்சா உட்கார்ந்து, வெளுத்துப்போய்க்கொண்டிருந்த பாவாடையை வியப்பாகத் தடவிக்கொண்டிருந்தாள். குருவம்மாள் அவள் தோளைப் பிடித்திருந்தாள். சேதுராசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கட்டப்போவதில்லை, சும்மா நிச்சயம் மட்டும், பிள்ளை பெரியவளானபின் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம், மாப்பிள்ளைக்கு ஒரு நம்பிக்கை வரட்டும் என்று சோசியர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பவுனுத்தாய் சட்டைக்குள்ளிருந்து தாலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டு நடுவில் போய் நின்றாள்.

"இதைக் கட்டிவச்சது யாரு?"

கூட்டம் சோசியரைப் பார்த்தது.

"கேக்குறேன்ல. யாரு?"

"நாங்கதான்த்தா" என்றார் சோசியர்.

"அப்ப நான் உயிரோட இருக்கயில என் புருசனுக்கு ரெண்டாந்தாரம் பாக்குறது யாருய்யா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அது வந்து..."

"போலீசுக்குப் போனா சட்டப்படியும் தப்புதான்" என்றான் கோட்டைச்சாமி, மெதுவாக. எங்கோ ஒருத்தி சிரித்தாள். அது செல்லப்பாக்கியம்.

சோசியர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, நீ பொண்டாட்டிதான். ஒத்துக்கிறோம். அப்ப நீயே சொல்லு அவருகிட்ட, போகச் சொல்லு. ஊரு எத்தனை நாளைக்கு இப்படிக் கிடக்கும்?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். எல்லாரும் அவளோடு அண்ணாந்து பார்த்தார்கள்.

"நீங்கதானே சொன்னீங்க, பூமாதேவி மகன்னு. அவங்க அம்மாவைப் பாக்க வந்திருக்காரு. இருந்துட்டுப் போகட்டும். பெத்த தாயைப் பாக்க வந்தவரை வெளிய போன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. உங்களுக்கு வந்தா நீங்க சொல்லுங்க."

வெளியூர்களில் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நாக்கு வரவில்லை. குருவம்மாள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வயசுப் பிள்ளையைத் தூக்கினால் கால் தரையில் இழுபடும். இழுபடவே வீட்டுக்குக் கொண்டு போனாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் சோசியர், கூட்டம் கலையும்போது. "புருசன் இருக்குற ஊர்லதான் பொண்டாட்டி இருக்கணும். நீ பாட்டுக்குத் திருப்பூர் போயிட்டா, இங்க அவருக்கு ஆளில்லைன்னுதான் அர்த்தம்."

அவர் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. சுபிக்சாவின் சாதகத்தை அவர் இன்னும் கக்கத்தில்தான் வைத்திருந்தார். பவுனுத்தாய் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. பாய் விரிக்கிற இடத்தைத் திருப்பூரில் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சேதுராசன் அவளோடு பேசுவதற்கு ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்து, "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டான்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. ஊருணி நிரம்பிக் கரை தொட்டது. மறுநாள் அந்தியில் ஊர் நிமிர்ந்து பார்த்தபோது மேலே எதுவும் இல்லை, ஈரமான வானம் மட்டும் இருந்தது. கரையில் நின்றவர்கள் ஊருணித் தண்ணீர் ஒரு முழம் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் அதை நம்பவில்லை. விளக்கு வெளிச்சத்தில் வத்தல் சிவந்தது, கொடி சிவந்தது, மதிப்பெண் அட்டைகளில் வட்டங்கள் தோன்றிப் பல பிள்ளைகள் அடி வாங்கினார்கள். செல்லப்பாக்கியம் எதிரே வந்தபோது ஒருவர் மறுபடியும் சகுனம் பார்த்து ஒதுங்கி நின்று அவளைப் போகவிட்டுப் பிறகு நடந்தார்.

மூன்றாம் நாள் சோசியரும் பெரியவர்களும் ஒரு கிண்ணத்தில் பாலோடு சேதுராசன் வீட்டுக்கு வந்தார்கள்.

"போயிட்டாரு. வாழையை வெட்டுன மாதிரிதான். தாலியைக் கழட்டி இதுல போட்டுரு. தோசம் கழிஞ்சது. நீ சுத்தம்."

"அண்ணே" என்றாள் பவுனுத்தாய், சோசியரைப் பார்த்து. "உங்க மருமகன் துபாய்லதானே இருக்காரு? எப்ப வருவாரு?"

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. எதுக்குக் கேக்குற?"

"இவரும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கிட்ட வருவாராம். பேப்பர்லயே போட்டிருந்தான். உங்க மக கழுத்துல கெடக்குறதைப் பால்ல போட்டுட்டீங்களா?"

பால் கிண்ணத்தைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைக்க இடம் தேடினார். அந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் புருசன் வெளிநாட்டில் இருந்தான். ஜன்னல்களில் பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"செத்தா அறுக்கலாம். இவரு செத்தாரா? ஊருக்குப் போயிருக்காரு. நான் இருக்குறவரைக்கும் அவருக்கு ஆள் இருக்கு. வேற யாரும் தேட வேண்டாம்." சோசியரின் கக்கத்தில் இருந்த சாதகத்தைப் பார்த்தாள். "அதைக் குடுத்துட்டுப் போங்க."

அவர் அவள் அண்ணனைப் பார்த்தார். சேதுராசன் எழுந்து வந்து, தானே கையை நீட்டி மகளின் சாதகத்தை வாங்கினான். வாங்கி, கிழிக்கவும் இல்லை, அவளிடம் கொடுக்கவும் இல்லை. உள்ளே கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினான். மூடிய சத்தம் அவளுக்குக் கேட்டது. பிறகு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, "திருப்பூருக்குக் கிளம்பு. பஸ் நிறுத்தம்வரை விட்டுட்டு வாரேன், வா" என்றான்.

"ரெண்டு வருசம் கழிச்சு வந்துரு" என்றான் வழியில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அது வருமுன்னால வந்துரு."

பஸ்ஸில் கூட்டமில்லை. வலது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்மாய்க்கரை தாண்டியதும் மேகம் விலகியது. நட்சத்திரங்களுக்கு நடுவில் எள் அளவில், நெற்றியில் வைத்த பொட்டு உதிர்ந்து மிச்சம் நின்றதுபோல், சிவப்பாக அது இருந்தது. கிட்ட நின்றபோது பின்னாலேயே தங்கிவிட்டது, இப்போது பனைகளைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, பஸ்ஸோடு ஓடிவந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த எல்லாரோடும்தான் அது ஓடிவரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை தாலியைப் பிடித்துக்கொண்டது.

கண்டக்டர் வந்து நின்றார். கழுத்தைப் பார்த்தார், பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வரலையாம்மா? எத்தனை டிக்கெட்?"

"அவரு பின்னால வருவாரு" என்றாள் பவுனுத்தாய். "எனக்கு ஒண்ணு குடுங்க."

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஜன்னலின் தகரத்தை இரண்டு கையாலும் கீழே இழுத்து மூடினாள்.